ரோசி குரைத்த இடம்

“நாய் கொரைச்சானா?”

பெரிய தொரை சண்முகவடிவிடம் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரே கேள்விதான். தொரைமாரின் தமிழில் நாயும் அவன்தான், மழையும் அவன்தான். வடிவு தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள்.

நாய் குரைத்திருந்தது. இரண்டு தரம்.

அது ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி. பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் விடாமல் பெய்த மழையில் மலை சரிந்து வந்து, பள்ளத்தில் இருந்த பணிய லயத்தின் ஐந்து காம்பராக்களை, ஐந்து குடும்பங்களின் அறைகளை, மூடிவிட்டது. கடைசிக் காம்பராவில்தான் வடிவின் அக்கா மீனம்மா இருந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம். அவள் புருஷனை மறுநாளே சேற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளை எடுக்க முடியவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் தொரை தன்னுடைய இரண்டு நாய்களையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

நீள உடம்பு, சாண் உயரக் கால், தரையைக் கூட்டுகிற காது. டாஷண்ட் என்று தொரை சொல்லுவார். முள்ளம்பன்றி வேட்டைக்காக வளர்த்த நாய்கள் அவை. வளைக்குள்ளே இறங்கிப் போய், மிருகம் பதுங்கியிருக்கிற இடத்தில் நின்று குரைக்கும். மேலே நிற்கிறவன் தரையில் காதை வைத்துக் கேட்டு, குரைப்பு வருகிற இடத்துக்கு நேரே வெட்டுவான். அப்படி வெட்டுகிறவன் வடிவின் அப்பா வீரய்யா. “உசிருக்குத்தான் கொரைக்கும். செத்ததுக்கு வாயத் தொறக்காது” என்று நாய்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவார்.

அன்றைக்கு அப்பா மம்பட்டியோடு சேற்றில் நின்றதால் பெட்டை நாயான ரோசியின் கயிற்றை வடிவின் கையில் கொடுத்திருந்தார்கள். சாய்ந்து கிடந்த சவுக்கு மரத்தின் வேரடியில் ரோசி மூக்கைச் சேற்றில் புதைத்தது. வால் நின்றது. இரண்டு தரம் குரைத்தது. கீழே ஓடிய ஆற்றின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொரை வந்து குனிந்து கேட்டார். மண் வெட்டிக்கொண்டிருந்த முப்பது பேரும் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு அவள் வாயைப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதில் அவளை அத்தனை பேர் ஒன்றாகப் பார்த்ததில்லை. கழுத்து தானாக ஆடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எதைக் கேட்டாலும் அது அப்படித்தான் ஆடும்.

வெட்டுகிறவர்கள் மற்றக் கோடிக்குப் போனார்கள். இன்னும் இரண்டு நாள் கழித்து, போதும் என்று சுண்ணாம்புத் தூளைத் தூவினார்கள்.

வடிவு யாரிடமும் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்கிய இடம்போல உள்ளே ஒரு பக்கம் மரத்துக் கிடந்தது. வீட்டில் சமைக்க ஆள் வேண்டுமென்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். அம்மா ராசம்மா கொழுந்து பறிக்கப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

பங்குனியில் தொரை சீமைக்குப் புறப்பட்டார். சீமைக்குத் திரும்புகிற தொரைமார் நாய்களைச் சுட்டுப் புதைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். வேறு கையில் சீரழியக் கூடாதாம். துப்பாக்கியைத் துடைத்து மேசையில் வைத்தாயிற்று என்று பங்களாவிலிருந்து தகவல் வந்ததும், அப்பா மலையிலிருந்து அப்படியே ஓடினார். என்ன கெஞ்சினாரோ தெரியாது. பொழுது சாய, தேயிலைப் பெட்டி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு அவர்கள் இருந்த மேட்டு லயத்துக்கு வந்தார். பெட்டிக்குள்ளே ரோசியும், ஃப்ரிட்ஸ் என்று பெயருள்ள கடுவனும். லயத்தார் வாயில் அது அன்றைக்கே பிரிச்சு ஆகிவிட்டது.

பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னாண்ணே, இதுகளுக்குக் காலு வைக்கிறதுக்கு முந்தியே தூக்கிக்கிட்டு வந்துட்டீங்களா?”

“சீமை நாயி தங்கச்சி. சும்மா பேசாத.”

“சீமை நாயி என்னா திங்கும்? மதினி சுடுற ரொட்டியக் கடிச்சா உள்ள பல்லும் கொட்டிருமே!”

மூன்று நாள் இரண்டும் ஒன்றும் தின்னவில்லை. பீங்கான் தட்டில் மாட்டிறைச்சி தின்றவை. தகரத்தில் கிடந்த ரொட்டியை மோந்துவிட்டு, பங்களா இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நாலாம் நாள் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நாய்களுக்கு முன்னால் குந்தினாள். ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துப் பிசைந்து உள்ளங்கையில் நீட்டினாள்.

“தின்னு தாயி” என்றாள்.

ரோசி தின்றது. பிறகு பிரிச்சுவும் தின்றது. அன்றிரவு, மலையில் அம்மா இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்குக்குள் இரண்டும் புகுந்துகொண்டன. அம்மா அவற்றைத் தள்ளவில்லை. ஒரு மாதத்தில், மலையிலிருந்து வருகிறபோதே பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். பிரிச்சு அடுப்புச் சாம்பலில் புரண்டு வெள்ளையாக எழுந்து வந்த அன்று சிரித்துக்கூட விட்டாள். சிறிய சிரிப்பு. வடிவு அதை மூச்சு விடாமல் பார்த்தாள். இந்த நாய்கள் இருக்கிறவரை அம்மா இருப்பாள் என்று அவளுக்குப் பட்டது.

ஆனி பிறந்து, தென்மேல் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தன. பெரியவர்கள் எல்லோரும் மலைக்குப் போன பிறகு லயம் ஓய்ந்து கிடக்கும். பீலிக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும், தகரக் கூரையில் ஈரம் சேர்ந்து சேர்ந்து ஒரு சொட்டாகக் கனத்து உருளுகிற சத்தமும், எங்கோ தூரத்தில் கங்காணியின் குரல் மூட்டத்துக்குள் பஞ்சடைந்து போகிற சத்தமும்தான். அப்படி ஒரு பின்னேரம், மூன்று மணி இருக்கும், ரோசி அடுப்படியிலிருந்து எழுந்தது. இறக்கத்தில் இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே போனது. வடிவு பின்னாலேயே போனாள். மண் சரிந்த இடத்தின் மேல் விளிம்பில், புல் முளைக்காத சிவப்பு மண்ணில், அது மூக்கை வைத்தது. வால் நின்றது.

இரண்டு தரம் குரைத்தது.

வடிவு அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் அதே மணிக்கு ரோசி இறங்கியது. ஆனால் அவ்வளவு தூரம் போகவில்லை. விளிம்புக்கு இந்தப் பக்கம், நாலு செடி மேலே நின்று குரைத்தது. அதற்கு மறுநாள் இன்னும் ஏழு செடி மேலே. வடிவு ஒவ்வொரு இடத்திலும் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி ஒன்றைக் குத்தி வைத்தாள். பத்தாம் நாள் மேலே நின்று திரும்பிப் பார்த்தபோது குச்சிகள் வளையாமல், நெளியாமல், நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நின்றன. ஒரு முனை சரிந்த மண்ணில். மறுமுனை வீட்டுக்குப் பின்னால், முட்டைக்கோஸ் போட்டிருந்த அவர்களுடைய கோவாத் தோட்டத்தில்.

எலி அப்படிப் போகாது.

வடிவு அம்மாவின் பழைய படங்கிலிருந்து ஒரு நாடா கிழித்தாள். இரண்டு மணியானதும் ரோசியின் வாயைச் சேர்த்துக் கட்டினாள். அப்பாவின் காதில் அந்தக் குரைப்பு விழக்கூடாது. விழுந்தால் தோண்டுவார். தோண்டினால் கேள்வி வரும். கேள்வி வந்தால், அந்த நாளைப் பற்றிச் சொல்லவேண்டி வரும், அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். ரோசி எதிர்க்கவில்லை. ஈரக் கண்ணால் அவளைப் பார்த்தது. மூன்று மணியானதும் கோவாச் செடிகளுக்கு நடுவே போய் நின்றது. கட்டிய வாயோடு அதன் தொண்டை இரண்டு தரம் குலுங்கியது.

பிறகு வீட்டின் பின்சுவரோரம். அதற்குப் பிறகு இரண்டு நாள் சுவரோரத்திலேயே. மண்ணுக்குள் வருவதற்குச் சுவரின் அடியைக் கடக்க அத்தனை நேரம் பிடித்தது போலிருந்தது. பிறகு ரோசி வெளியே போகவே இல்லை.

காம்பராவுக்குள்ளே, சாணி மெழுகிய தரையில், அடுப்புக்கும் அம்மா படுக்கிற இடத்துக்கும் நடுவே வந்து நின்றது. பிரிச்சு சுவரோடு ஒட்டிக்கொண்டு தரையில் சிறுநீர் விட்டது. வடிவு குந்தினாள். அப்பா செய்வதைப் போலத் தலைத்துணியை விலக்கி, காதைத் தரையில் வைத்தாள்.

குளிர். சாணி வாடை. அதற்கும் கீழே ஈர மண் வாடை. அதற்கும் கீழே மஞ்சள் வாடை. புதிதாகக் கட்டிய தாலிக் கயிறு நனைந்தால் வருகிற வாடை.

சுரண்டுகிற சத்தம். அவசரம் இல்லை. ஒரு சுரண்டல். நிறுத்தம். இன்னொரு சுரண்டல். நிறைய நாள் செய்து பழகிய வேலையை ஆள் செய்வதுபோல.

ரோசியின் தொண்டை இரண்டு தரம் குலுங்கியது.

கீழேயிருந்து, வடிவின் காதுக்கு நேரே, இரண்டு தட்டு.

அன்றைக்கு அவள் அந்த இடத்தில் சாக்கை விரித்தாள். அதன் மேல் அரிசிப் பானையை வைத்தாள். அப்பாவும் அம்மாவும் வந்தபோது வழக்கம்போலத் தேத்தண்ணி ஊற்றினாள். கை அவளுடையதாகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இல்லை. எல்லோரும் வீட்டில். அம்மா ரோசியை மடியில் வைத்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாடாவைக் கட்ட வழியில்லை. வடிவு, “நாய வெளிய கொண்டு போறேம்மா” என்றாள்.

“இருக்கட்டும் புள்ள. அது பாட்டுக்குச் சும்மா கெடக்குதே” என்றாள் அம்மா. காதை நீவிவிட்டாள். “இது கெடந்தாத்தான் மடி சூடா இருக்கு.”

வாசலில் மூட்டம் வந்து நின்றது.

ரோசி மடியிலிருந்து இறங்கியது. அரிசிப் பானையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. நின்றது.

குரைத்தது. இரண்டு தரம்.

அப்பாவின் வாயருகே போன ரொட்டி அங்கேயே நின்றது. அவர் பானையை நகர்த்தினார். சாக்கை எடுத்தார். காதை வைத்தார். வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது முகத்தில் ஒரு பக்கம் சாணித் தூள் ஒட்டியிருந்தது.

“உசிரு” என்றார். குரல் காற்றாக வந்தது. “பெருசு. பன்னி இல்ல.”

அம்மா மடியில் கிடந்த உண்ணிகளைத் தட்டிவிட்டாள்.

“மம்பட்டி அடுத்த லயத்து லோரன்ஸ் வீட்டுல கெடக்கு. ஆளையும் கூட்டிக்கிட்டு வாறேன். கிட்டப் போவாதீங்க.” அவர் மூட்டத்துக்குள் ஓடினார். செருப்பில்லாத கால் சத்தம் பத்து எட்டுக்குள் அழிந்தது.

தரையில் சாணி மெழுகு வெடித்தது. மயிரளவு கோடு. அது நீண்டது. வளைந்தது. வட்டமானது.

“அம்மா, வெளிய வாங்க.”

அம்மா அசையவில்லை. மூக்கு மட்டும் விரிந்தது. அவளுக்கும் அந்த மஞ்சள் வாடை வந்திருந்தது.

“அம்மா.” வடிவு அவள் முழங்கையைப் பிடித்தாள். “அன்னைக்கு ரோசி கொரைச்சிச்சும்மா. சவுக்கு மரத்தடியில. ரெண்டு தரம். தொரை கேட்டாரு. நான் இல்லன்னுட்டேன்.”

சொல்லிவிட்டாள். ஆறு மாதத்துக்கு மேல் வாய்க்குள் கிடந்தது, சொல்லி முடிக்க ஒரு மூச்சுதான் ஆயிற்று.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள் என்று வடிவு நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இல்லை. கொழுந்து இல்லாத செடியைப் பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போகிற பார்வை.

வட்டம் உள்ளே விழுந்தது. சத்தமில்லாமல். தூசியும் எழவில்லை.

குழி. ஆள் தோள் அகலம். சுவர் வழவழவென்று, கையால் தடவித் தடவி மெழுகினாற்போல. உள்ளே இருட்டு.

பிரிச்சு தவழ்ந்து வந்தது. வாலை ஆட்டியது. தலைகீழாக இறங்கியது. ரோசி அதற்குப் பின்னால். இரண்டும் குரைக்கவில்லை. உள்ளேயிருந்து சின்ன முனகல் வந்தது. தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தால் முனகுமே, அந்த முனகல்.

அம்மா எழுந்தாள். கொழுந்துக்குப் புறப்படுகிறவளைப் போலப் படங்கை எடுத்து இடுப்பில் சுற்றி இறுக்கினாள். குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். காலை உள்ளே தொங்கவிட்டாள்.

வடிவு சேலைத் தலைப்பைப் பிடித்தாள். “அம்மா. அம்மா.”

கீழேயிருந்து ஒரு கை வந்தது. சிவப்பு மண் பூசிய கை. விரல் நுனிகளில் நகம் இல்லை. தேய்ந்து, வெள்ளையாக, எலும்பு. அது அம்மாவின் பாதத்தைத் தடவித் தேடியது. வழுக்குகிற படியில் இறங்குகிறவருக்குத் தாங்கிக் கொடுப்பதுபோல, மெதுவாக, குதிங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தது.

அம்மா அதன் மேல் காலை ஊன்றினாள்.

இடுப்பு. தோள். நரைத்த கொண்டை.

தலைப்பு வடிவின் கைக்குள்ளிருந்து, இழுபடாமல், நழுவிக்கொண்டே போனது. முழுச் சேலையும் போய் முடியும்வரை அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.