மூணு தட்டினா தூக்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் திறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் மூடி எங்கே போனதென்று தெரியாது. கேட்டைத் திறந்தால் திறந்தபடி கிடக்கும். வாயும் அப்படித்தான். ஆம்பூரில் விடிகாலை வண்டி கிளம்பும்போதே சுந்தரமூர்த்தி இதை மகன் செல்வகுமாரிடம் சொல்லிவிட்டார். பைகளை ஏற்றிய மருமகள் சங்கீதா டிக்கியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க உள்ளே போயிருந்தாள். அவர்தான் போய் மூடினார். இரண்டு கையாலும் அழுத்தி, தொம்மென்று.

"மெதுவாப்பா. வண்டி வாங்கி ஆறு மாசம்கூட ஆவல," என்றான் செல்வகுமார்.

"மூடுறதுன்னா ஒரே மூடா மூடணும்."

நாலு நாள் பயணம். மாமல்லபுரம் பார்த்துவிட்டு, கடலோரமாகவே போய் புதுச்சேரி, பிச்சாவரம், தரங்கம்பாடி. எல்லாம் செல்போனில் பார்த்து முடிவு செய்தது. அவருக்கு அந்தப் போனிலும் நம்பிக்கை இல்லை, அது வழி சொல்லும் பெண் குரலிலும் நம்பிக்கை இல்லை. எழுபத்திரண்டு வயது வரை கடலைப் பார்க்காமல் இருந்ததில் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆறு வயதுப் பேத்தி ரித்திகா, புது மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, தாத்தா வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டதால்தான் வந்தார்.

சத்தம் முதலில் கேட்டது வேலூர் தாண்டி, ஆற்காட்டுப் பக்கம் பாலாற்றுப் பாலத்தின் மேல். பின் சீட்டில் சாய்ந்திருந்த அவருக்கு அது காதில் கேட்டதைவிட முதுகில்தான் கேட்டது. டொக், டொக். சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்குள்ளிருந்து, இரும்பை இரும்பால் தட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் டயர் சத்தமும், பாலத்தின் இணைப்புகளில் வண்டி ஏறி இறங்குகிற சத்தமும் மட்டும். மறுபடி டொக், டொக். இரண்டே இரண்டு.

அவர் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "வண்டிய ஓரங்கட்டு. பின்னால இன்னாவோ தட்டுது."

செல்வகுமார் இறங்கித் திறந்தான். ஜாக்கி கட்டியபடி இருந்தது. பைகள், பெட்ஷீட், பாப்பா ரித்திகாவின் சிவப்பு வாளி, மடக்கு நாற்காலி. வேறொன்றும் இல்லை. ஆனால் மூலையில் மிளகளவு ஒன்று உருண்டு கிடந்ததை அவர் பார்த்தார். எடுத்தார். துளசி மணி. அதன் துளையில் சுண்ணாம்பு அடைத்திருந்தது.

"இன்னா மாமா அது?" என்றாள் சங்கீதா.

"கல்லு."

மணியைக் கைக்குள் மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மகன் வீட்டில் எவ்வளவோ சாமி மாலை இருக்கும், ஒன்று அறுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த வீட்டில் துளசி மாலை யாரும் போட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மாமல்லபுரத்தில் மற்றவர்கள் பாறையைப் பார்த்தார்கள். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே சத்தமே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பிய பிறகு முதலில் வாடைதான் வந்தது. அழுகின முட்டை வாடை. ஏசி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் அது தரையிலிருந்து கிளம்பி, முழங்காலுக்கு வந்து, மூக்குக்கு வந்தது. சங்கீதா கண்ணாடியை இறக்கினாள். செல்வகுமார் தொண்டையைச் செருமினான். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தாத்தா, நீதானே?"

"பாப்பா, சும்மா இரு," என்றாள் சங்கீதா. அவளுக்கும் சிரிப்பு வந்திருந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாடை தன்னுடையது என்று அவர்கள் நினைத்ததே நல்லது என்று தோன்றியது. உண்மையில் அது யாருடையது என்று சொல்வதைவிட அந்த மானக்கேடு பரவாயில்லை.

அந்த வாடை அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மேஸ்திரியாக இருந்த தோல் பதனிடும் ஷாப்பில், தரைக்கு அடியில் கழிவுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மேலே இரும்பு மூடி. சேறு அடைத்துக்கொண்டால் ஆள் இறங்க வேண்டும். ஆள் இறங்கக் கூடாது என்றுதான் சட்டம், ஆனாலும் இறங்குவார்கள். அன்றைக்கு இறங்கியவன் வேலாயுதம். சோளிங்கர் நரசிம்மருக்கு வேண்டிக்கொண்டு கழுத்தில் துளசி மாலை போட்டிருந்தான். கையில் ஒரு ஸ்பானர். உள்ளே ஏணியில் ரெண்டு தட்டினா நல்லாயிருக்கேன், மூணு தட்டினா தூக்கு. அதுதான் பேச்சு.

அவன் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கேட்டில் அதிகாரி ஜீப் வந்து நின்றது. முதலாளி தூரத்திலிருந்து கையை மட்டும் ஆட்டினார். மூடு. சுந்தரமூர்த்தி மூடினார். ஒரே மூடாக. அதோடு விடவில்லை. மூடிமேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு எழுதுகிற மாதிரி இருந்தார். நாற்காலிக் கால் வழியாக அவருக்கு எல்லாமே கேட்டது. முதலில் ரெண்டு. அப்புறம் மூணு. மூணு. மூணு. அதிகாரி டீ குடித்துவிட்டுப் போகிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. அதற்குள் சத்தம் ரெண்டாகி, ஒன்றாகி, நின்றிருந்தது.

பிறகு செய்ததுதான் இன்னும் கேவலம். கழுத்து மாலையை அறுத்து, தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியில் போட்டார். ஒரு குவார்ட்டர் வாங்கி வரச் சொல்லி, செத்தவன் சட்டையில் ஊற்றினார். அவன் பெண்டாட்டி செல்லம்மாள் ஓடிவந்து, "மாலை போட்ட மனுசன்யா, தொடவே மாட்டாருய்யா," என்று எல்லார் காலிலும் விழுந்தபோது, "மாலையக் கழட்டி வெச்சுட்டுத்தான்மா குடிச்சான்," என்று சொன்னது அவர்தான். அவள் அதற்குமேல் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றுவரை அவர் அவள் இருக்கும் தெரு வழியாகப் போவதில்லை.

"தாத்தா, ரெண்டு தட்டுனா இன்னா அர்த்தம்?"

பாப்பா அவர் முகத்துக்குக் கிட்டே வந்து கேட்டாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாது?"

"பின்னாடி தட்டுதே. எனக்கும் கேக்குது."

காலையிலிருந்து அவரை நம்பிய ஒரே ஆள். அந்த ஒரு சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டது. அவள் காதில் மெதுவாகச் சொன்னார். ரெண்டு தட்டினா நல்லாயிருக்கேன், மூணு தட்டினா தூக்கு. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. முன் சீட்டின் முதுகில் ரெண்டு தட்டிச் சிரித்தாள். மூணு தட்டினாள். தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். அவர் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மரக்காணத்து உப்பளங்கள் வந்தன. இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். உப்புப் போட்டு அடுக்கின பச்சைத்தோல் குடோன் ஞாபகம் வந்தது. அப்போது முதுகில் கேட்டது. மூணு. நிறுத்தி நிதானமாக இல்லை. அவசரமாக. மூணு.

"நிறுத்து. வண்டிய நிறுத்துடா. திற, திற."

எல்லாப் பைகளையும் ரோட்டோரம் இறக்கிப் போட்டான் செல்வகுமார். உப்பு லாரிக்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். டிக்கி காலியாக இருந்தது. அடிப்பலகையையும் தூக்கிக் காட்டினான்.

"பாத்துக்கோ. நல்லாப் பாத்துக்கோ. இன்னொரு தபா திறக்கச் சொன்னா, நேரா ஆம்பூருக்குத் திருப்பிடுவேன். ஊரு ஜனம் வேடிக்கை பாக்குது."

சங்கீதா பையை எடுத்து வைத்துக்கொண்டே கணவனிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். "காது டாக்டர்கிட்ட காட்டறதா, வேற டாக்டர்கிட்ட காட்டறதான்னு முதல்ல பாருங்க."

அவர் காதில் அது நன்றாக விழுந்தது. உள்ளங்கையில் இப்போது இரண்டு மணிகள் இருந்தன. இரண்டாவதை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

பதினொன்றரை மணிக்கு ஒரு சவுக்குத் தோப்பின் ஓரம் வண்டி நின்றது. தோப்பைத் தாண்டினால் மணல்மேடு, மேட்டைத் தாண்டினால் கடல். ஆள் நடமாட்டம் இல்லை. வெயில் மட்டும். வண்டிக் கூரையில் கை வைக்க முடியவில்லை.

"சாவிய நீயே வெச்சிக்கோப்பா. தண்ணி பட்டா ரிமோட் போயிடும்," என்றான் செல்வகுமார். டிக்கியிலிருந்து நாற்காலியை எடுத்து விரித்துப் போட்டான். தோளில் துண்டோடு மேட்டின்மேல் நடந்தான். சங்கீதா குடையோடும் வாளியோடும் பின்னால் போனாள். போகும்போதே, "பாப்பா, நீ வர்றியா, தாத்தாகூட இருக்கியா?" என்று கேட்டாள். பாப்பா என்ன பதில் சொன்னாள் என்று அவர் கவனிக்கவில்லை.

"தாத்தா, கண்ண மூடிக்க. பத்து எண்ணு."

"போ, போ. உங்கப்பன் போறான் பாரு."

"எண்ணு தாத்தா."

கண்ணை மூடினார். எண்ணவில்லை. சவுக்கு மரங்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன, கடல் எங்கோ உருண்டுகொண்டிருந்தது, இமைக்குள் வெயில் சிவப்பாக இருந்தது, ஒரு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ அசந்துவிட்டார். கண்ணைத் திறந்தபோது யாரும் இல்லை. மணலில் சின்னக் காலடிகள் இருந்தன, காற்று அவற்றைப் பாதி அழித்திருந்தது. அப்பனோடு ஓடிவிட்டாள்.

டிக்கி திறந்தபடி கிடந்தது.

இந்த ஜனங்களுக்கு மூடத் தெரியாது. எழுந்து போனார். பெட்ஷீட் குவிந்து கிடந்தது. உள்ளே பார்க்கவில்லை. உள்ளே பார்க்கத்தான் அவருக்குப் பயமாக இருந்ததே. முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் அழுத்தி மூடினார்.

தொம்.

மணல்காற்று முகத்தில் அடித்தது. நாற்காலியை இழுத்து வண்டிக்குப் பின்னால் மறைவாக, நிழலில் போட்டு, டிக்கியில் தலை சாய்த்து உட்கார்ந்தார்.

டொக், டொக்.

பின்மண்டையில் கேட்டது. மெதுவாக, விளையாட்டாக.

நல்லாயிருக்கேன்.

அவர் அசையவில்லை. இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை. இரண்டு தடவை திறந்து இரண்டு தடவையும் மானம் போயிற்று. திறந்தால் காலியாக இருக்கும். ஒரு மணி கிடக்கும். மூணாவது மணி. அதோடு, திறந்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மூடினது நான்தான் என்று.

டொக், டொக்.

வெயில் உச்சிக்கு ஏறியது. தகரம் நெருப்பாகச் சுட்டது. அந்த முட்டை வாடை மறுபடி வந்தது, மணலுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

டொக். டொக். டொக்.

சாவி கையில் இருந்தது.

மூணு. மறுபடி மூணு. விளையாட்டு இல்லை இப்போது. கூடவே ஒரு குரல், தகரத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. அன்றும் கூப்பிட்டான். மேஸ்திரி, மேஸ்திரி என்று. இன்றைக்கு என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று கேட்க அவர் காத்திருக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"நான் திறக்க மாட்டேன் வேலாயுதம்," என்றார். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மேட்டை நோக்கி நடந்தார். மணலில் கால் புதைந்தது. பின்னால் மூணு. மூணு. பிறகு ரெண்டு.

மேட்டின்மேல் ஏறினார். கடல். முதல் தடவையாகக் கடல். அவர் அதைப் பார்க்கவில்லை. கரையில் குடை. குடைக்குக் கீழே செல்வகுமார், சங்கீதா. சிவப்பு வாளி. இரண்டு பேர்தான். பாப்பா தண்ணீருக்குள் இருப்பாள். அலைக்குப் பின்னால் இருப்பாள். செல்வகுமார் அவரைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கி என்னவோ கேட்டான். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. சங்கீதா எழுந்து நின்று, அவருக்குப் பின்னால், அவருக்குப் பக்கத்தில், யாரையோ தேடினாள்.

பின்னால் ஒன்று.

திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை.

வெயிலில் வண்டி வெள்ளையாக நின்றது. டிக்கி மூடியின் இடுக்கில் ஒரு முழம் துணி மாட்டி வெளியே தொங்கியது. மஞ்சள். துண்டாக இருக்கும் என்று நினைத்தார். துண்டு மகனுடைய தோளில் போயிற்று என்பதும் ஞாபகம் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துணி மெதுவாக நகர்ந்தது. காற்றடித்த பக்கம் அல்ல. உள்ளே. விரல் விரலாக, யாரோ உள்ளேயிருந்து நிதானமாகச் சுருட்டி இழுப்பதுபோல, உள்ளே போய்க்கொண்டே இருந்தது, கடைசி நூல் வரைக்கும்.

இடுக்கு மூடிக்கொண்டது.

"காத்து," என்றார் சுந்தரமூர்த்தி.

சாவியை மடியில் செருகிக்கொண்டு, குடை இருந்த பக்கம் இறங்கி நடந்தார்.