வெளிச்சத்தில் நிற்பவர்

வானாய்வுக்கூடம் இருந்த காரூ மேட்டில் வண்டியை விட்டு இறங்கியபோதே டெல்மேரிக்கு எரிச்சல் வந்தது. ஃப்ளோரிஸ் மாமாவின் கல்லறை மண் இன்னும் அவள் செருப்பில் ஒட்டியிருந்தது. அதற்குள் வேலைக்கு வரச் சொல்லி அழைப்பு.

தொலைநோக்கியின் பெரிய கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு போட்டுவந்தவர் மாமா. ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமென்று கேட்டார். இயக்குநர் வெஸ்ஸல்ஸ் தரவில்லை. ஏணி சறுக்கி விழுந்தவர் பிழைக்கவில்லை.

வெஸ்ஸல்ஸ் வாசலிலேயே காத்திருந்தார்.

"உன் கணக்குப்படி நூத்துக்கு அறுபது வெளிச்சம் கேமராவுக்கு வரணும். அம்பத்திநாலுதான் வருது. அந்தக் கிழவன் பூச்சைக் கெடுத்துட்டான். உன் கணக்கு மாடல்ல 'பூச்சுக் குறை'ன்னு ஒரு வரி சேர்த்து அனுப்பு."

"செத்தவர் தலையில பழியைப் போடறீங்களா சார்?"

"அவன் எழுந்து வந்து இல்லேன்னு சொல்லப் போறானா?"

அடப்பாவி! அவர் பெயரைக்கூடச் சொல்ல இந்த ஆளுக்கு வாய் வரவில்லை. இதில் கையெழுத்துப் போட்டால் ஃப்ளோரிஸ் வேலை சுத்தமில்லாதவர் என்றே பெயர் நின்றுவிடும். ஏணியிலிருந்து விழுந்ததுகூட அவர் தப்பாகிவிடும்.

உச்சிவெயில் வெளியே காய்ந்துகொண்டிருந்தது. அவள் தொலைநோக்கிக் கூண்டுக்குள் போய்க் கதவை மூடினாள். உள்ளே கும்மிருட்டு. சோதனை விளக்கை ஏற்றி, கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கண்ணாடியும் வில்லையும் வடிகட்டியும் வெளிச்சத்தில் கொஞ்சம் தின்றுவிடும். எது எவ்வளவு தின்கிறது என்று கணக்குப் போடுவதுதான் அவள் பிழைப்பு.

பெரிய கண்ணாடியோடு சேர்த்துப் பூச்சு போட்ட சின்னச் சாட்சிக் கண்ணாடியை முதலில் அளந்தாள். பழுதே இல்லை. மாமாவின் வேலை சுத்தம்.

அப்படியானால் தின்றது எது?

நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தாள். சிவப்பு முழுசாக வந்தது. ஊதாதான் பெரும்பாலும் காணோம். மாடலில் தூசியைச் சேர்த்தாள், ஈரத்தைச் சேர்த்தாள், பசையைச் சேர்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் ஏதோ தோன்றி, புரை விழுந்த ஒரு கிழட்டுக் கண்ணைச் சேர்த்தாள்.

கோட்டின் மேல் கோடு அச்சாக உட்கார்ந்தது.

ஃப்ளோரிஸுக்குக் கண்புரை. வேலை முடிந்ததும் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்பார். "வெளிச்சத்தை மறைக்காதீங்க மாமா" என்று அவள் எத்தனை முறை விரட்டியிருக்கிறாள்!

திரையில் எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, உடனே ஏறியது.

மறுபடியும் விழுந்தது. ஏறியது.

இமைக்கிறது.

யூகலிப்டஸ் மிட்டாய் வாசனை வந்தது. அவர் வாயில் எப்போதும் கிடக்கும் மிட்டாய். அவளுக்கு முதுகு சில்லிட்டது. மேலே, கண்ணாடிப் பக்கம், தகரத்தில் பூட்ஸ் தேயும் சத்தம்.

பயம் போன இடத்தில் ஆத்திரம் பொங்கியது.

"உங்களுக்கு அறிவிருக்கா மாமா?" மேலே பார்த்துக் கத்தினாள். "நீங்க அங்க நின்னு பாக்கறதாலதான் உங்க மேலயே பழி விழுது! தள்ளுங்க! நிக்கணும்னா அந்த ஆளு வெளிச்சத்துல போய் நில்லுங்க!"

சத்தம் நின்றது. வாசனை அவளைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனது.

கதவு திறக்கவில்லை.

திரையில் எண் அறுபதுக்கு ஏறி அசையாமல் நின்றது. 'பூச்சில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

வெஸ்ஸல்ஸ் ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அறை முழுக்க யூகலிப்டஸ்.

"யாரு விளக்கை மங்க வெச்சது? எல்லாம் மஞ்சளா இருக்கு. அப்பப்போ சுத்தமா இருட்டிட்டு வருது." அவர் கைகள் எதிரே காற்றைத் தள்ளின. "என் முன்னாடி யாரோ நிக்கறாங்க. தள்ளி நிக்கச் சொல்லும்மா!"

அவள் தாளை மேஜைமேல் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க சார். பேர் சொல்லிக் கூப்பிட்டா கேப்பாரு."

வெஸ்ஸல்ஸ் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை.