மூடியில் முட்டாத மீன்

"என் வீட்டு மீனை யாரோ மாத்திட்டாங்கய்யா," என்றார் வந்தவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

பட்டாசுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, மைத்துனர் ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு தொண்டையோடு நின்றுவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைத் துருவித் துருவிக் கண்டுபிடித்தே ஓய்வுபெற்றவர் அந்த மைத்துனர். புரியாத சிக்கல் என்றால் அக்கம்பக்கத்தார் இப்போதும் அவரைத்தான் தேடி வருவார்கள். சட்டைப் பொத்தானைக்கூட யோசித்துப் போடுகிறவர் என்பதால் எல்லாருக்கும் அவர் 'நிதானம்'. பட்டாசுக்கு ஏன் அந்தப் பெயர் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன! நிதானத்தின் தங்கைதான் பட்டாசின் மனைவி. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் பட்டாசு தினமும் காலையில் நிதானத்தின் வீட்டுக்கு வந்துவிடுவார். வேறு எங்கேதான் போவது?

வந்தவர் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, அதைக் கழற்ற மறந்தே வந்திருந்தார். ஒரு கண்ணில் புரை நீக்கி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"தொட்டியில ரெண்டு மீனுங்க. மேல அரவானா, கீழ பெரிய கெளுத்தி. ரெண்டுமே மத்த மீனைப் புடிச்சுத் தின்கிற சாதி. ஒண்ணா வைக்கவே கூடாதுன்னு கடைக்காரன் தலைபாடா அடிச்சுக்கிட்டான். என் வீட்டுக்காரி கேக்கலை. எப்பவும் கீழ கிடக்கிறதுக்கு வயிறு முட்டப் போட்டுட்டுத்தான் மேல இருக்கிறதுக்குப் போடுவா. பசி அடங்கிட்டா ராட்சசனும் சாதுதான்னு சிரிப்பா. பல வருஷம் ஒரு சண்டை இல்லை. அவ போன பிறகு நானும் அப்படியேதான் செஞ்சேன்."

"இப்ப?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன். மேல இருக்கிறது அது இல்லை. பையன்கிட்ட சொன்னா, புதுக் கண்ணுப்பா, எல்லாம் வேற மாதிரிதான் தெரியும்கிறான். விடாம சொன்னதும், உங்களுக்குப் புத்தி தடுமாறுது, முதியோர் இல்லத்துல விசாரிக்கட்டுமான்னு கேட்டுட்டான்."

"புதுக் கண்ணுனால இருக்கலாம் இல்லையா?"

"நான் என்னிக்கு அதைக் கண்ணால பார்த்தேன்? புரை மூடி எத்தனை காலமாச்சு! துணியையே தடவித் தடவித்தான் தைச்சுக்கிட்டிருந்தேன். தீனி போட்டா மூடியில 'டொக்'குன்னு முட்டும். வீட்டுல எனக்குன்னு இருந்த சத்தம் அது ஒண்ணுதான். இப்ப அது இல்லை." அவர் குரல் இறங்கியது. "நீங்க வந்து பார்த்துட்டு, மீன் அதேதான்னு சொன்னாலும் சரி, ஒத்துக்கறேன். ஆனா இது தப்புன்னா, என் மண்டையில இருக்கிற மத்ததெல்லாமும் தப்புதானே?"

பட்டாசுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

தையல்காரரின் வீடு ஒரு முன்னறையும் ஒரு சமையலறையும்தான். தையல் இயந்திரத்துக்கு எதிரே சுவர் முழுக்கத் தொட்டி. அதன் மேல் பலகை மூடி. மீன் எகிறிக் குதிக்காமலிருக்க மூடியின் மேல் ஒரு பழைய இஸ்திரிப்பெட்டி. வீட்டுச் சாவி இரண்டே இரண்டு: ஒன்று தையல்காரரிடம், மற்றொன்று லிஃப்ட் பழுதுபார்க்கும் மகனிடம். மகனும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தான். மூக்கு நுனியில் கோபம்.

"மச்சான், திருட்டுதான்!" பட்டாசு காதைக் கடித்தார். "விலை ஒசந்த மீனைத் தூக்கிட்டு, சப்பை மீனை விட்டிருக்கான் எவனோ! கடைக்காரனை ஒரு கை பார்ப்போமா?"

"கொஞ்சம் பொறு மாப்பிள்ளை," என்ற நிதானம் தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

கெளுத்தி அடியில் பெரிய மனுஷன் போலப் படுத்திருந்தது. அரவானா வலது மூலையில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி நின்றது. அதன் வால் ஓரம் கிழிந்திருந்தது. வெள்ளித் தாடை மட்டும் துடைத்து வைத்த கரண்டி மாதிரி மழமழவென்று இருந்தது. நிதானம் இஸ்திரிப்பெட்டியை இறக்கிவிட்டு மூடியைத் திருப்பினார். தீனி போடும் இடது மூலையில், பலகையின் உட்புறம் ஒரு பள்ளம். விரல் வைத்தால் பதியும்.

"தம்பி, அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப தீனி யாரு போட்டது?"

"நான்தான் சார். வேளை தவறாம போட்டேன். மேல இருக்கிறது வாயைப் பொளந்துக்கிட்டு ஓடி வரும், அதுக்குப் போட்டுட்டு அப்புறம் கெளுத்திக்குப் போடுவேன். ஒரு குறையும் வைக்கலை."

"இப்ப ஏன் மூடியில முட்ட மாட்டேங்குது?"

"வயசாயிடுச்சு. பசி கொறைஞ்சிருக்கும்."

நிதானம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார். அவர் இப்படி எல்லாரையும் உட்கார வைத்தால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று பட்டாசுக்குத் தெரியும்.

"திருடன் மீனை எடுத்துட்டுப் போவான் மாப்பிள்ளை, பதிலுக்கு இன்னொண்ணை வாங்கி வச்சுட்டா போவான்? வெற்றிடம் தெரியக்கூடாதுன்னு பயந்த ஆளுதான் அப்படிச் செய்வான். சரி, முதல்ல மீன் மாறிச்சான்னு பார்ப்போம். வருஷக்கணக்கா முட்டி முட்டிப் பலகையே தேஞ்சிருக்கு. அப்படி முட்டின தாடை தடிச்சுக் காய்ச்சுப் போயிருக்க வேண்டாமா? இதுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பசி கொறையலாம், பழைய தழும்பு மறைஞ்சிடுமா? அடுத்தது, பல வருஷம் ஒண்ணா வாழ்ந்ததுன்னா இப்ப எதுக்குக் கெளுத்தியைப் பார்த்துப் பயந்து ஒளியுது, வால் எப்படிக் கிழிஞ்சுது? கெளுத்திக்கும் இது புது ஆளு. ஐயா சொன்னது நூத்துக்கு நூறு சரி."

தையல்காரர் மூச்சை மெல்ல விட்டார்.

"எப்படிப் போச்சுங்கறதைத் தம்பியே சொல்லிட்டாரு," என்று நிதானம் தொடர்ந்தார். குரலில் கடுமை இல்லை. "மேல இருக்கிறதுக்கு முதல்ல போட்டாராம். இந்த வீட்டுல அது தலைகீழ். கீழ இருக்கிறது பசியோட மேல வந்திருக்கும். இல்லையா தம்பி?"

மகனின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முகம் சுருங்கிச் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது.

"ஒரே கவ்வு சார். நடுவுல புடிச்சிடுச்சு. குச்சியால குத்தி விலக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு." அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். "அம்மா ஆசையா வளர்த்ததுப்பா. உங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன்? அதே அளவுல ஒண்ணு தேடி அலைஞ்சு வாங்கினேன். நீங்க கண்டுபிடிச்சதும் பயந்து ஒரு பொய் சொன்னேன். அதைக் காப்பாத்த இன்னொண்ணு. இல்லம் கில்லம்னதெல்லாம் சத்தியமா வாய் தவறி வந்ததுப்பா."

"மீன் போனா போகட்டும்டா!" தையல்காரர் வெடித்தார். "எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேனே! அந்தச் சத்தமே பொய்யின்னா, உங்கம்மா குரல்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கிறதும் அவ குரல்தானான்னு சந்தேகம் வந்துடுச்சுடா. அதுக்கப்புறம் எனக்குன்னு இங்க என்ன மிச்சம்?"

பட்டாசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் மனைவி 'சாப்பிட வாங்க' என்று கூப்பிடும் குரலை மனதுக்குள் தேடிப் பார்த்தார். கிடைத்தது. அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

தையல்காரர் எழுந்து தொட்டியருகே போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்த புது மீனைப் பார்த்தார்.

"அப்போ நான் நெனச்சது சரிதான்," என்றார். பிறகுதான் அது அவருக்கு உறைத்தது போலிருந்தது. "அப்போ... அது நெசமாவே செத்துப்போச்சு."

இத்தனை நாள் புத்தியைக் காப்பாற்றப் போராடியதில் அவர் மீனுக்காக அழவே இல்லை. இப்போது அழுதார். மகன் பக்கத்தில் வந்து நின்றான். தொடத் தயங்கினான், பிறகு தோளைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் கழித்து அவர் தீனிக் கிண்ணத்தை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"கீழ இருக்கிறதுக்கு முதல்ல போடு."

நிதானமும் பட்டாசும் சொல்லிக்கொள்ளாமலே வெளியேறினார்கள். தெருமுனை வந்ததும் இருவருக்கும் வழி பிரியும். பட்டாசு அங்கே நின்றார்.

"நாளைக்கு வரேன் மச்சான்."

நிதானம் வழக்கம்போல யோசித்தார்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே வா மாப்பிள்ளை. சாப்பிட்டுட்டுப் போகலாம்."