சிவப்புப் பலூன் நின்ற உயரம்

காதலிக்கிறவர்கள் எல்லோரும் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு மழையில் நிற்பவர்கள். முதுகெலும்புள்ள மனிதன் எவனும் அப்படி நிற்க மாட்டான். ஆகவே தனக்குக் காதல் வர வழியே இல்லை. இந்த உண்மையைக் கல்லில் வெட்டி வைக்கத் தக்க குரலில் டீக்கடை வாசலில் அறிவித்தான் கட்டடக் கலைஞன். தங்கப் பதக்கம் வாங்கிய சூடு இன்னும் ஆறாதவன். கேட்டவர் அவனுடைய மேஸ்திரி ஒருவர்தான். அவரும் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"சரி தம்பி. அதோ ஒண்ணு நிக்குது பாருங்க."

சாலைக்கு எதிர்ப்புறம், பஞ்சராகிச் சக்கரம் கழற்றிய ஜீப்பின் அருகே, தூறலில் ஒருத்தி நின்றிருந்தாள். கையில் சிவப்புப் பலூன். குழந்தைகள் பலூன் அல்ல, அண்டா அளவு. காற்று பலூனை இழுக்க, பலூன் அவளை இழுக்க, பூமியை விட்டு வர மாட்டேன் என்று குதிகாலை ஊன்றியிருந்தாள். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... அதற்குக் கீழே அந்தக் கண்கள்...

கண்களை அவன் பார்க்கவே இல்லை. மேஸ்திரியிடம் பிற்பாடு அப்படித்தான் சொன்னான்.

"பிறந்தநாளா மேடம்?" என்று குரல் கொடுத்தான். "வரேன்னு சொன்ன ஆளு வரலையா?"

அவள் திரும்பினாள். "வரலை. மேட்டுத் தெரு கடைசி மனையில மூணு மாடி கட்டப் போறாராம். காலையிலேயே வரச் சொல்லியிருந்தேன். எங்க உக்காந்து டீ குடிக்கறாரோ, என்னவோ."

மேஸ்திரிக்குப் புரையேறியது.

நகராட்சியில், விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டும் வீடுகளுக்கு உயர அனுமதி தரும் அதிகாரி அவள். வழுக்கைத் தலையும் டேப்புமாக ஒரு பெரியவர் வருவார் என்று அவன் நினைத்திருந்தான்.

மனையில் வேலை எளிதாகத்தான் தொடங்கியது. வரப்போகும் வீட்டின் உயரத்துக்குப் பலூனைப் பறக்கவிட வேண்டும். ஓடுதளத்தின் முனையில் நிற்கும் சர்வேயர் அதைக் கருவியில் பார்ப்பார். அந்த முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்ந்த கூரை கிளம்பி ஊரின் மேல் ஏறிப் போகிறது. அதற்குக் கீழே கட்டிக்கொள்ளலாம். அதைத் துளைத்துக்கொண்டு ஒரு தண்ணீர்த் தொட்டிகூட நிற்கக் கூடாது. இன்றைய காற்றுக்கு விமானங்கள் மறுபக்கமாகத்தான் இறங்கும் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கேட்டுவிட்டே அவள் நூலை விட்டாள்.

பலூன் ஏறியது. சர்வேயரின் போன் வந்தது.

"ஒரு மாடி அதிகம்."

"எப்படி மேடம்? விதியில என்ன உயரமோ அதேதான் வரைஞ்சிருக்கேன். ஒரு செங்கல் கூடுதல் கிடையாது!"

"எங்கேருந்து அளந்தீங்க?"

"தரையிலேருந்து."

"எந்தத் தரை?"

"நான் நிக்கற தரைதான். எனக்குன்னு தனியா வேற தரையா இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. "எல்லாரும் அவங்கவங்க காலடியிலேருந்துதான் அளக்கறாங்க சார். விதி ஓடுதளத்திலேருந்து அளக்குது. உங்க மனை மேட்டுல இருக்கு. ஒரு கல்லு வைக்கறதுக்கு முன்னாடியே உங்க வீடு ஒரு மாடி உசரம்."

காது மடல் சுட்டது அவனுக்கு. அவன் வரைந்த முதல் வீடு. அதுவும் சொந்த வீடு!

"அந்த மாடி எங்க அக்காவுக்கு," என்றான், குரலை இறக்கி. "ரெண்டு பசங்களோட புருஷன் வீட்டைவிட்டு வந்துட்டா. ஹால்லதான் படுக்கறாங்க. பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கலை..."

அவள் கண்கள் ஒரு நொடி நனைந்தாற்போல்... மழையாகவும் இருக்கலாம்.

"கையெழுத்துப் போட முடியாது சார்."

"உங்களுக்கு அது வெறும் கோடு மேடம். எங்களுக்கு வீடு!"

பதில் சொல்ல வாயெடுத்தவளின் போன் மறுபடி அடித்தது. காதில் வைத்தவள் முகம் வெளுத்தது.

"காத்து திரும்பிடுச்சு... ப்ளேன் இந்தப் பக்கமா இறங்குது. இழுங்க!"

இருவரும் ஒரே நூலைப் பற்றினார்கள். ஈர நூல் உள்ளங்கையை அறுத்தது. பலூன் காற்றில் சாய்ந்து, வர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டது. தூரத்தில் மேகத்துக்குள் ஒரு முனகல்... உறுமல்... "விடாதீங்க!" என்று அவள் கத்தியது அவன் தோளருகே கேட்டது. நூல் வளையம் வளையமாகக் காலடியில் விழுந்தது. பலூன் தலைக்கு மேலே வந்து சேர்ந்தபோது மேகம் கிழிந்தது. சக்கரங்கள் தெரிந்தன. மேஸ்திரி மணல் குவியலில் குப்புற விழுந்தார். பூமி நடுங்கி... அடங்கியது.

அவன் அண்ணாந்தே நின்றான். கொஞ்சம் முன்னால் பலூன் நின்ற இடம் வெறும் வானமாக இருந்தது.

"இன்னிக்கு பைலட் உசரமாவே போயிட்டாரு," என்றாள் அவள், மூச்சு வாங்க. "மழையில இன்னும் தாழ்ந்து வர்றவங்களும் உண்டு. பலூன் நின்ன இடத்துலதான் உங்க அக்கா பசங்க தூங்கணுமா?"

அவன் பார்வையை இறக்கினான். அவள் உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு. அவன் கையிலும் அதே கோடு.

வீட்டில் மாமா காத்திருந்தார். அம்மாவின் தம்பி; எல்லா அலுவலகத்திலும் யாரையாவது தெரிந்தவர்.

"அந்தப் பொண்ணு கையெழுத்து எதுக்குடா? மேல நம்ம ஆளு இருக்காரு. அவளை நாளைக்கே வரி வசூலுக்குத் தூக்கிப் போட்டுட்டு, வேற ஆளை வெச்சுப் போட்டுக்கலாம். உம்னு ஒரு வார்த்தை சொல்லு."

ஒரே வார்த்தை... சொன்னால் மாடி வரும். அவள் போய்விடுவாள். உள்ளங்கையில் இருந்த கோட்டைப் பார்த்தான்.

அக்கா பெட்டி மேல் உட்கார்ந்து பிள்ளைகளின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னக்கா சொல்ற?"

"எனக்குச் சாத்திக்கறதுக்கு ஒரு கதவு வேணும்டா. அது எந்த மாடியில இருந்தா என்ன?"

வரைபடத்தை விரித்தான். கீழ்த்தளத்தின் முன்பாதி முழுக்க அவனுடைய அலுவலகம். ஜன்னலைவிடப் பெரிதாக அவன் பெயர்ப் பலகை. ஊரெல்லாம் சொல்லி வைத்த அலுவலகம். வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு அழிப்பானை எடுத்தான்.

"இது அக்காவுக்கு. மூணாவது மாடி வேணாம். நீங்க யாரையும் பார்க்க வேணாம் மாமா."

"ஒரு பொண்ணு சொன்னதுக்கா இந்தப் பயம்?"

"பொண்ணு சொல்லல மாமா. சக்கரத்தைக் கண்ணால பார்த்தேன்."

அடுத்த வாரம் மழை வலுத்திருந்த ஒரு காலையில், மேட்டுத் தெருவில் ஜீப் சட்டென்று நின்றது. மனையின் நடுவே கட்டடக் கலைஞன், தொப்பலாக நனைந்து, கையில் நூலோடு. மேலே ஒரு ரோஸ் நிறப் பலூன். கடையில் சிவப்பு இல்லையாம்.

அவள் குடையைக்கூட எடுக்காமல் ஓடி வந்தாள். "பைத்தியமா உங்களுக்கு? கோபுரத்துல கேட்டீங்களா?"

"கேட்டேன். இன்னிக்கு மறுபக்கம்தான். நம்பிக்கை இல்லாம திரும்பவும் கேட்டேன். திட்டினாங்க."

அவள் அண்ணாந்து பார்த்தாள். பலூன் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. "எங்கேருந்து அளந்தீங்க?"

"ஓடுதளத்திலேருந்து."

அந்தக் கண்களில் ஏதோ அவிழ்ந்தது... "புது வரைபடம் குடுத்தாலே போதுமே சார். பலூன் எதுக்கு?"

"அதுல சொல்ல முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு."

"என்ன?"

கல்வெட்டுக் குரல் எங்கோ போயிருந்தது.

"கை வலி போயிடுச்சு. அந்தக் கோடு போகல. போக வேணாம்னு இருக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் மெல்லத் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மங்கலாக, அதே கோடு.

"எனக்கும் போகல," என்றாள்.

தெரு முனையிலிருந்து மேஸ்திரி டீயோடு வந்துகொண்டிருந்தார். "என்ன தம்பி, பிறந்தநாளா?"

நூலில் பாதியை அவள் பக்கம் நீட்டிவிட்டு, நனைந்தபடியே நின்றான்.