ஆறு மணியில் ஓர் ஆந்தை

"ஒன்பது மணியில ஒரு கடல்சிங்கம், வில்மர் ஐயா," என்றாள் ரெனாத்தா.

ரப்பர் படகில் இருந்த எட்டுத் தலைகளும் இடது பக்கம் திரும்பின. பாறை விளிம்பில் ஒரு கடல்சிங்கம் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"பலே. இன்னைக்கு என் கண்ணு நீதான்," என்றார் வில்மர்.

நைராவுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? வில்மர் அவளுடைய அப்பா. படகின் முனை பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, முதுகுப்பக்கம் ஆறு என்று கடிகாரத்தை வைத்துத் திசை சொல்வது கலாபகோஸ் தீவுகளின் வழிகாட்டிகள் எல்லோருக்கும் வழக்கம்தான். ஆனால் சாப்பாட்டு மேசையில்கூட, "அப்பா, நாலு மணியில உப்பு இருக்கு, எடுங்க" என்று பேசுவது இவர்கள் இருவர் மட்டுமே. அது தங்கள் சொந்தப் பாஷை என்று நைரா நம்பியிருந்தாள். கீட்டோ நகரத்திலிருந்து வந்த ஒரு பெண் ஐந்தே நாளில் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பயணிகளுக்கு வழிகாட்டியான அப்பா மாதத்தில் பாதி நாள் கப்பலில்தான். பதினாறு பயணிகள் மட்டும் போகும் சின்னக் கப்பல் அது. இந்த முறை ஓர் அறை காலி. பள்ளிக்கும் விடுமுறை. கப்பல் தலைவர் தலையாட்டியதும், பயணத்தின் நடுவில் நேற்று மாலை கப்பல் துறைமுகத்தில் நின்றபோது நைராவும் ஏறிக்கொண்டாள். இன்று முழுக்க அப்பா தனக்குத்தான் என்று நினைத்திருந்தாள். வந்து பார்த்தால், அப்பாவை ஒட்டிக்கொண்டே திரிகிறாள் ரெனாத்தா. இவள் வயதுதான் அவளுக்கும். கழுத்தில் பெரிய பைனாகுலர், தலையில் அப்பாவின் பழைய தொப்பி.

"அது எங்க அப்பா தொப்பி," என்றாள் நைரா.

"தெரியும். என்னோடது காத்துல பறந்துடுச்சு. அவர்தான் குடுத்தார்."

"பார்த்துப் போட்டுக்க. அவர் தலையில பேன் உண்டு."

"அவருக்கு முடியே இல்லையே?"

நைரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் இன்னும் ஏறியது.

படகு ஹெனோவேசா தீவை ஒட்டி நின்றது. எல்லோரும் செங்குத்தான படிகளில் ஏறி, மேலே இருந்த கரும்பாறை வெளிக்கு வந்தார்கள். பாறை வெடிப்புகளில் கூடு கட்டியிருந்த சின்னக் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் பறந்துகொண்டிருந்தன.

"இந்தத் தீவுல ஆந்தை பகல்லயே வேட்டையாடும்," என்றார் வில்மர். "பாறையும் அதுவும் ஒரே நிறம். பக்கத்துல இருந்தாலும் தெரியாது. கம்பம் நட்டிருக்கிற பாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது. எந்தப் பிராணியா இருந்தாலும் ரெண்டு மீட்டர் தள்ளியே நிக்கணும்."

கப்பல் கூடத்தில் ஒரு பலகை தொங்கும். பார்க்க வேண்டிய பிராணிகளின் பெயர்கள் அதில் இருக்கும்; ஒவ்வொன்றையும் முதலில் கண்டவர் பெயர் மாலையில் அதற்கு நேராக ஏறும். அதில் ரெனாத்தாவின் பெயர் பதினொரு இடத்தில் இருந்தது. ஆந்தைக்கு நேராக மட்டும் இன்னும் வெற்றிடம். நாளை பயணம் முடிகிறது.

அந்த ஒரு இடமாவது தனக்கு வேண்டும் என்று நைரா கண்ணைத் தீட்டிக்கொண்டு தேடினாள்.

ஒரு கல் கண்ணைச் சிமிட்டியது.

நைரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கல் இல்லை, ஆந்தை. பாதையின் ஓரத்திலேயே, ரெனாத்தாவுக்குப் பின்னால், இரண்டே எட்டில் அசையாமல் நின்றது. ரெனாத்தாவோ பைனாகுலரில் அடிவானத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

நைரா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

'தேடட்டும். நல்லா தூரத்துலயே தேடட்டும். அவ இங்கேருந்து நகர்ந்ததும் அப்பாவை மட்டும் கூப்பிட்டுக் காட்டலாம்.' அப்படி நினைக்கவே இனிப்பாக இருந்தது.

அப்போது ரெனாத்தா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அரை எட்டு பின்னால் வைத்தாள். அப்புறம் இன்னும் அரை எட்டு.

ஆந்தை நகரவில்லை. இந்தத் தீவுப் பிராணிகளுக்கு மனிதர்களிடம் பயம் கிடையாது. இன்னும் ஒரு எட்டு வைத்தால் பூட்ஸ் அதன் மேல்தான் விழும். கத்தினால் ரெனாத்தா திடுக்கிட்டுப் பின்னால்தான் துள்ளுவாள்.

"ரெனாத்தா," என்றாள் நைரா, சாப்பாட்டு மேசையில் பேசும் குரலில். "அசையாத. ஆறு மணி. ஒரே அடி தூரம்."

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. ரெனாத்தா 'என்ன', 'ஏது' என்று கேட்கவில்லை. காலை மெதுவாக முன்னால் வைத்தாள். இன்னும் இரண்டு எட்டு தள்ளிப் போனாள். பிறகுதான் திரும்பினாள்.

ஆந்தை மஞ்சள் கண்ணால் அவளை ஏற இறங்கப் பார்த்தது. தொந்தரவு தீர்ந்தது என்பதுபோல் இறகைக் கோதத் தொடங்கியது. எல்லோரும் சத்தமில்லாமல் வந்து கூடிவிட்டார்கள்.

மாலையில் வில்மர் சுண்ணாம்புக்கட்டியோடு பலகை முன் நின்றார். "ஆந்தை. முதல்ல பார்த்தது யாரு?"

"நைரா," என்றாள் ரெனாத்தா. "நான் அதை மிதிக்க இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வில்மர் பெரிய எழுத்தில் பெயரை எழுதினார். நைராவுக்கு ஏனோ அது முழு மகிழ்ச்சியாக இல்லை. பொரித்த சோளத்தைக் கொறித்துக்கொண்டிருந்த ரெனாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் முன்னாடியே பார்த்துட்டேன். வேணும்னேதான் சொல்லல."

"ஏன்?"

"எங்க அப்பா உன்னையே 'என் கண்ணு, என் கண்ணு'ங்கறார்."

ரெனாத்தாவின் கை பாதியில் நின்றது. "என்னையா? அஞ்சு நாளா நான் எதைக் காட்டினாலும், 'பலே, என் மக நைரா இருந்தா இன்னும் சீக்கிரம் பார்த்திருப்பா'ங்கறார். உன்னைப் பார்க்காமலே எனக்கு உன்னைப் பிடிக்காமப் போச்சு. உன்னை முந்தணும்னுதான் கண்ணு வலிக்க வலிக்கப் பார்த்தேன்."

நைராவின் முகம் மலர்ந்துவிட்டது. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. "வேற என்ன சொன்னார்?"

"நீ தூக்கத்துல கோழி விரட்டுவியாம்."

"அதையுமா சொன்னார்? இரு, நானும் ஒண்ணு சொல்றேன்." நைரா அவள் காதில் கிசுகிசுத்தாள். "கரப்பான்பூச்சியைக் கண்டா அவர் நாற்காலி மேல ஏறிடுவார்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அங்க என்ன ரகசியம்? எனக்கும்தான் சொல்லுங்களேன்," என்று ஆசையாக வந்தார் வில்மர்.

"உங்களுக்கு இல்ல," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கையில் சுண்ணாம்புக்கட்டியோடு நின்ற வில்மரின் முகம் தொங்கிப்போனது.