இன்னும் கொஞ்சம் தள்ளு

“கொஞ்சம் தள்ளு,” என்றான் புவனேசன். கார் நகர்ந்தது.

சொன்ன பிறகுதான் பட்டறையில் தன்னைத் தவிர யாருமில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். லூனாஸ் ஊரில் விடாத மழை. தகரக் கூரையில் அது அடித்த அடியில், வேலிக்கு அப்பாலிருந்த செம்பனைத் தோட்டம்கூட எங்கோ தள்ளிப் போய்விட்டதுபோல் இருந்தது. சாப்பாட்டுக்கடை கவுஸ் தன் பழைய கன்சில் காரை நேற்றே விட்டுவிட்டுப் போயிருந்தார். வால்வு இடைவெளி பார்க்க எஞ்சின் நன்றாகக் குளிர வேண்டும்.

“தையல் மெஷின் மாதிரி டக்டக்னு அடிக்குது தம்பி. இனிமே எல்லாரும் சட்டை தைக்க என்கிட்டதான் வருவாங்க லா!” என்று நேற்றுச் சிரித்தவர், சற்றுத் தயங்கி, “தள்ளுறதுக்கு ஆள் அனுப்பவா?” என்றார்.

“வேணாம் அண்ணே. பழகிடுச்சு.”

பழகவில்லை. அது இருவர் வேலை. நாலாவது கியரில் போட்டுப் பின்னாலிருந்து தள்ளினால் எஞ்சின் மெல்லச் சுற்றும். முன்னால் நிற்பவன் ஒவ்வொரு வால்வு மூடும்போதும் நிறுத்தச் சொல்லி, வால்வை அழுத்தும் ராக்கருக்கு அடியில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்ப்பான். தள்ளுவது எப்போதும் அவன் மனைவி புஷ்பவள்ளி. திறந்த பானட் அவளை மறைத்துவிடும். முதலில் வளையல் சத்தம் வரும், பிறகு கார் நகரும். தீபாவளிக்கு முன் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பின் அவனே ஸ்பேனர் போட்டு எஞ்சினைச் சுழற்றிக்கொள்கிறான். இன்று கை பழக்கத்தில் நாலாவது கியரைப் போட்டிருந்தது; வாயும் இன்னும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

தரைச் சரிவாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் கழுவும் தண்ணீர் வாசலுக்கு ஓடுவதற்காக, தரையை வெளிப்பக்கம் சரித்துப் போட்டவன் அவன்தான். கார் சரிவுக்கு எதிராக உள்ளே வந்திருந்தது.

“போதும்.”

நின்றது. தகடு லேசாக இறுகி நழுவியது. சரியான இடைவெளி.

பின்னால் போய்ப் பார்த்திருக்கலாம். பார்த்தால் இல்லாமல் போய்விடுவாள். அவன் பார்க்கவில்லை.

“இன்னும் கொஞ்சம், புஷ்பா.”

நகர்ந்தது. அடுத்த வால்வு. அடுத்தது. இத்தனை மாதமாய் யாரிடமும் சொல்லாததையெல்லாம் எஞ்சினுக்குள் குனிந்தபடி சொல்லிக்கொண்டே வேலை செய்தான். சோறு குழைந்துபோவதை. டிவியை ஓடவிட்டுத் தூங்குவதை. அவள் தலையணைக்கு இன்னும் உறை மாற்றாததை. கார் வர வர அவன் சுவர்ப் பக்கமாய்ப் பின்வாங்கினான். வளையல் சத்தம் மட்டும் கேட்கவில்லை. மழை, என்று நினைத்துக்கொண்டான்.

கடைசி வால்வும் முடிந்தது.

“போதும் புஷ்பா.”

மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகள். வேறு சத்தமே இல்லை.

கார் நகர்ந்தது.

வளையல் இல்லை.

“போதும்னு சொல்றேன்ல.”

நகர்ந்தது. குனிந்து காருக்கு அடியில் பார்த்தான். பின்சக்கரங்கள். அதற்கு அப்பால் ஈரத் தரை, வாசல் வெளிச்சம். யாருடைய காலும் இல்லை.

நிமிர்ந்தான். ஓர் அடி பின்னால் வைத்தான். சுவர் முதுகில் படவேண்டிய இடத்தில், ஏதோ மெத்தென்று பட்டது.

அது ஈரமாக இருந்தது. குளிர்ந்திருந்தது.

கார் அவன் தொடையைத் தொட்டது. அப்போதுதான் கீழே பார்த்தான். அவன் இடுப்புக்கு இருபுறமும் பின்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டு, காரின் முன்விளிம்பைப் பற்றியிருந்தன. வளையல் இல்லாத கைகள். அவனுக்குத் தெரியாத கைகள்.

காரை யாரும் தள்ளவில்லை.

விரல்கள் இறுகின. இன்னும் கொஞ்சம் இழுத்தன.