வெங்காயத்தாமரையின் கொடி

வெயில் ஏறாத காலையில் குட்டைத் தண்ணீர் சில்லென்று இருந்தது. கையில் பிடித்த கொடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பொன்னுத்தாய் அதைச் சட்டென்று விட்டுவிட்டு, தன் கைச்சூடாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

இந்தச் சனியனைக் கொண்டுவந்தவள் ஓரகத்தி செவந்தி. ஊதாப்பூ அழகாக இருக்கிறதென்று பிறந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு செடியைக் குடத்தில் எடுத்துவந்து கொல்லைக் குட்டையில் விட்டாள். தாமரை, தாமரை என்று வீடே கொண்டாடியது. செவந்தி தும்மினாலும் கொண்டாடுகிற வீடு அது. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். பொன்னுத்தாய்க்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வயிறு எரிந்ததே தவிர நிறையவில்லை.

அன்னவாசல் பிளாக் ஆபீசிலிருந்து வந்த கிராம சேவக் சூசைராஜ், தண்டில் வீங்கியிருந்த இடத்தை நறுக்கிக் காட்டினார்.

"தாமரைன்னா வேர் சேத்துல இருக்கும்மா. இது வெங்காயத்தாமரை, மிதக்கும். குட்டையையே மூடிரும். தாய்ச்செடியிலேர்ந்து ஒரு கொடி போகுது பாருங்க, நுனியில பிள்ளை. கொடியைப் பிடிச்சுப் பிள்ளையோட இழுத்துருங்க. கரையில காயவச்சுக் கொளுத்துங்க."

அந்த வேலையைப் பொன்னுத்தாய் கேட்டு வாங்கிக்கொண்டாள். தாயையும் பிள்ளையையும் வெயிலில் போடுவதில் ஒரு சுகம் இருந்தது, வெட்கப்பட வேண்டிய சுகம். ஆனால் இழுக்க இழுக்கச் செடி பெருகியது. வாரந்தவறாமல் பெற்றுப்போடுகிறதே என்று அதன்மேலும் பொறாமைப்பட்டாள்.

உச்சிப்பொழுது ஆயிற்று. ஆண்கள் வயலில் இருந்தார்கள். செவந்தி உள்ளே படுத்திருந்தாள். அழுகிய இலை நாற்றத்துக்கு நடுவே எங்கிருந்தோ பால் வாசம் வர, ஒரு தவளைகூடக் கத்தாத அமைதியில், பொன்னுத்தாய் அந்த வெதுவெதுப்பான கொடியை மறுபடி தேடிப் பிடித்து, இடுப்பளவுத் தண்ணீரில் செடிகளை விலக்கிக்கொண்டே அதன் வழியில் நடந்தாள். அது கரையேறியது. துவைக்கிற கல்லைச் சுற்றிப் போனது. கொல்லையைக் கடந்து, படியேறி, செவந்தி படுத்திருந்த அறையின் கதவிடுக்கில் நுழைந்தது.

படியடியில் நின்ற பொன்னுத்தாயின் கையில், கொடிக்குள் ஏதோ துடித்தது. சின்னதாக. வேகமாக.

விட்டுவிடலாம். விரல்கள் விடவில்லை. பதினோரு வருஷம் என்று நினைத்தாள். இழுத்தாள்.

உள்ளே செவந்தி அலறினாள்.

"அக்கா! இங்கிட்டு வாங்களேன்... என்னமோ இழுக்குதுக்கா!"

"வாரேன்."

வாய்தான் சொன்னது. கால் நகரவில்லை. கைகள் மாறி மாறி இழுத்தன. அலறல் நின்றது. கதவு திறந்தது. கொடி கனத்தது.

நுனியில் இருந்தது ஈரமாக ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. அவள் காலடிக்கு வந்து, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.